வரைய வராதுன்னு சொல்றவங்களையும் உக்கார வைக்கிற, செலவில்லாத கலை வேலைகள்: வீட்டுக்கும் தெருவுக்கும்

குடும்பமா உக்காந்து ஏதாவது வரையலாம், அக்கம்பக்கத்து பசங்களையும் கூப்பிடலாம்னு ஆரம்பிச்சா முதல்ல வர்ற தடை காசு இல்லைங்க, "ஐயோ எனக்கு படம்லாம் வரைய வராது, நீங்க பண்ணுங்க நான் பாக்குறேன்"ங்கிற டயலாக்தான். அஞ்சு வயசு குழந்தை இதை சொல்லாது, பத்து பன்னெண்டு வயசுல இருந்து சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க, பெரியவங்க கேக்கவே வேணாம், நாற்காலியை தள்ளிப் போட்டு போனை எடுத்துடுவாங்க. அதனால நான் சொல்ற வரிசையே கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். கை திறமையே தேவைப்படாத, படம் தானா வந்து விழுற வேலைகளை முதல்ல வைங்க. வரையுறது, பெயிண்ட் பண்றது எல்லாம் அப்புறம். முதல் நாளே ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து "உங்களுக்கு பிடிச்சதை வரைங்க"ன்னு சொன்னீங்கன்னா பாதி பேர் அப்படியே எந்திரிச்சு போயிடுவாங்க.

சாமான் சேக்கறது

கடைக்கு ஓட வேணாம். ஒரு பக்கம் பிரிண்ட் ஆன தாள், பழைய நியூஸ்பேப்பர், பார்சல் வந்த அட்டைப்பெட்டி, உடைஞ்சு போன கிரேயான் துண்டு, துணிக்கு போடுற கிளிப், பழைய டூத்பிரஷ், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சோட தேய்ஞ்ச துண்டு, இதையெல்லாம் ஒரு பெட்டியில போட்டு வைங்க. காசு கொடுத்து வாங்கணும்னா என் கணக்குல மூணே மூணுதான்: ஒரு பாக்கெட் கிரேயான், சிவப்பு மஞ்சள் நீலம் வெள்ளைன்னு நாலு போஸ்டர் கலர் பாட்டில், நல்லா வெட்டுற ஒரு கத்திரிக்கோல். மிச்ச கலர் எல்லாம் கலந்து எடுத்துக்கலாம். கிளிட்டர் மட்டும் வாங்காதீங்க ப்ளீஸ், அது பொடிப்பொடியான பிளாஸ்டிக், ஒரு தடவை கொட்டினா வீட்டை விட்டு போகவே போகாது.

பசையும் வீட்டுலயே காய்ச்சிக்கலாம். மைதா ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு. மைதாவை முதல்ல கொஞ்சம் பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரைச்சிடணும், நேரா சூட்டுல போட்டா உருண்டை உருண்டையா ஆயிடும். அப்புறம் மிச்ச தண்ணியும் ஊத்தி சின்ன தீயில விடாம கிண்டுங்க, வெள்ளையா பால் மாதிரி இருக்கறது மெல்ல கண்ணாடி மாதிரி ஆகி கரண்டியில ஒட்டும், அப்ப இறக்கிடுங்க. ஆறினதும் இன்னும் கெட்டியாகும். ஃபிரிட்ஜ்ல வச்சா சில நாள் தாங்கும், புளிச்ச வாடை வந்தா தூக்கிப் போட்டுடுங்க. காகிதம், அட்டை ஒட்டறதுக்கு தாராளமா போதும், பிளாஸ்டிக் மேல மட்டும் நிக்காது.

தேய்ச்சு எடுக்கறது: இதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்

தாளுக்கு அடியில ஒரு இலையை வச்சு மேல கிரேயானால தேய்க்கறது, எல்லாரும் ஸ்கூல்ல பண்ணது தான், ஆனா பாதி பேருக்கு சரியா வராம விட்டுருப்பாங்க, காரணம் சின்ன சின்ன விஷயம். இலையோட அடிப்பக்கம் மேல பாக்கற மாதிரி வைக்கணும், ஏன்னா நரம்பு எல்லாம் அந்தப் பக்கம்தான் புடைச்சிட்டு இருக்கும். தாள் மெல்லிசா இருக்கணும், சாதா பிரிண்டர் தாள் போதும், டிராயிங் நோட்டு தாள் தடிமன், அதுல எதுவும் தெரியாது. கிரேயான்ல சுத்தி இருக்கற பேப்பரை உரிச்சிட்டு, முனையால இல்லாம படுக்க வச்சு பக்கவாட்டுல தேய்க்கணும். ஒரு கையோட விரலை விரிச்சு தாள் நகராம அழுத்திப் பிடிங்க, நடு நரம்புல ஆரம்பிச்சு வெளிய ஓரத்தை நோக்கி ஒரே பக்கமா போங்க, முன்னும் பின்னும் இழுத்தா இலை நகந்து ரெட்டையா விழும். முதல் ரெண்டு தேய்ப்புல ஒண்ணும் தெரியாது, மூணாவது தேய்ப்புல நடு நரம்பு வெளிய வரும், அப்புறம் கிளை நரம்பு, அப்புறம் ஓரத்துல இருக்கற பல் பல்லான விளிம்பு. அந்த நேரத்துல தள்ளி உக்காந்திருக்கற பெரியவங்க மூஞ்சியை பாருங்க, தானா கிட்ட வருவாங்க.

காய்ஞ்ச இலை நொறுங்கிடும், ரொம்ப சாறு உள்ள இலை நசுங்கி தாளை ஈரம் பண்ணிடும், பறிச்சு கொஞ்ச நேரம் ஆன வதங்கின இலை சரியா இருக்கும். இலையோட நிறுத்தாதீங்க. நாணயம், சீப்பு, கூடைப் பின்னல், செருப்போட அடிப்பக்கம், மரக்கதவு, சுவர், எல்லாத்தையும் தேய்க்கலாம். 1925ல மாக்ஸ் எர்ன்ஸ்ட்ங்கிற ஓவியர் தேய்ஞ்சு போன மரத்தரை மேல தாளைப் போட்டு தேய்ச்சுப் பாத்து, அதுல வந்த கோடுகள்ல இருந்து காடு, பறவைன்னு ஒரு வரிசையே பண்ணாரு, அதுக்கு ஃப்ரோட்டாஜ்னு பேரு. சின்னப்பசங்க விளையாட்டுன்னு நினைச்சா அதுவே மியூசியத்துல தொங்குது.

தெருவுக்கு இதை ஒரு விளையாட்டா மாத்தலாம். ஒவ்வொரு வீட்டுலயும் அவங்க வீட்டுல இருக்கற ஏதோ ஒரு பொருளை தேய்ச்சு எடுத்துட்டு வரணும், என்னன்னு சொல்லக்கூடாது, எல்லாத்தையும் கயித்துல கிளிப் போட்டு தொங்கவிட்டு மத்தவங்க கண்டுபிடிக்கணும். முடிஞ்சதும் அந்த தாளையே வெட்டி ஒட்டி மிருகம், வீடு, மலைன்னு கொலாஜ் பண்ணிக்கலாம், கூடை தேய்ச்சது ஆமை ஓடா மாறும், சீப்பு தேய்ச்சது மழையா மாறும்.

மெழுகு வேலை இதுக்கு அடுத்தது, சிம்பிள். வெள்ளைத் தாள்ல மெழுகுவர்த்தியால எழுதுங்க, நல்லா அழுத்தி, அப்புறம் தண்ணியா கலந்த கலரை மேல பூசினா எழுத்து வெள்ளையா வெளிய வரும், மெழுகு தண்ணியை ஒட்ட விடாது அவ்ளோதான் விஷயம். ஒருத்தருக்கொருத்தர் ரகசிய லெட்டர் எழுதிக்க சொல்லுங்க, பசங்க ரொம்ப நேரம் ஓட்டுவாங்க.

அச்சு

வெங்காயம், வெண்டைக்காய், உருளைக்கிழங்கு வெட்டி முத்திரை குத்தறதும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா வழக்கமா என்ன ஆகும்னா காயை நேரா கலர்ல முக்கி எடுத்து குத்துவோம், ஒரு பெரிய கறை விழும். வெட்டின பக்கத்தை முதல்ல துணியால ஒத்தி ஈரத்தை எடுத்துடணும். ஸ்பாஞ்ச் துண்டுல கலரை ஊத்தி அதுல காயை ஒத்தி எடுக்கணும். முதல் அச்சை பழைய நியூஸ்பேப்பர்ல குத்திட்டு ரெண்டாவதை நல்ல தாள்ல குத்துங்க, அதுதான் தெளிவா வரும். தாளுக்கு அடியில ஒரு மடிச்ச துணி போட்டா இன்னும் நல்லா இருக்கும். மூளைக்கு வேலை கொடுக்கணும்னா, முத்திரையால பூ குத்தாம, பத்து முத்திரையால ஒரு பூச்சியை கட்ட சொல்லுங்க.

கொஞ்சம் பெரிய பசங்களுக்கு தெர்மாகோல் தட்டு. பார்சல்ல வர்ற மழமழன்னு இருக்கற ஃபோம் தட்டோட ஓரத்தை வெட்டிட்டு, நடுப்பகுதியில மை தீர்ந்த பேனாவால அழுத்தி வரையணும், ஓட்டை போடாம பள்ளம் மட்டும் விழணும். மேல ஸ்பாஞ்சால மெல்லிசா கலர் தடவி, தாளைப் போட்டு உள்ளங்கையால தேய்ச்சு எடுத்தா பள்ளம் எல்லாம் வெள்ளைக் கோடா, மிச்சம் கலரா வரும். கலர் அதிகமானா பள்ளமும் அடைஞ்சிடும். எழுத்து எழுதினா தலைகீழா இல்ல, இடவலமா திரும்பி வரும், அதனால பேப்பர்ல எழுதி திருப்பி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு அதைப் பாத்து எழுதணும். ஒரே தட்டுல இருந்து நிறைய காப்பி எடுக்கலாம்ங்கறதால, தெருவுல ஏதாவது பண்றதுக்கு அழைப்பு அட்டை வேணும்னா இதுதான் வழி, பசங்களே அடிச்சு வீடு வீடா கொண்டு போய் கொடுக்கட்டும்.

வெயிலை வச்சு

நிழல் வரையறது காலையிலயும் சாயங்காலமும் தான் நல்லா இருக்கும், நிழல் நீளமா விழும். உச்சி வெயில்ல நிழல் காலடியிலயே சுருண்டு கிடக்கும். பொம்மையையோ செடியையோ தாளோட ஓரத்துல நிக்க வச்சு நிழலோட விளிம்பை சீக்கிரம் சீக்கிரமா கோடு போட்டுடணும், பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துது, நீங்க போன் எடுத்து பேசிட்டு வந்தீங்கன்னா கோடு ஒரு பக்கம் நிழல் ஒரு பக்கம் இருக்கும். அதையே ஒரு வேலையாவும் வச்சுக்கலாம், அரை மணிக்கு ஒரு தடவை வேற வேற கலர்ல அதே நிழலை வரைஞ்சா ஒரே பொம்மை விசிறி மாதிரி விரியும்.

எனக்கு இந்த லிஸ்ட்லயே ரொம்ப பிடிச்சது மஞ்சள் பிரிண்ட். இது பெரியவங்க கூட இருந்து பண்ண வேண்டியது. ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளை ஆல்கஹால் உள்ள தண்ணியான சானிடைசர் கொஞ்சத்துல கலந்து, துணியில வடிகட்டி, அந்த மஞ்சத்தண்ணியை தடியான தாள்ல பிரஷ்ஷால பூசுங்க. ஆல்கஹால் தீப்பிடிக்கும், அதனால அடுப்பு விளக்கு பக்கத்துல வேணாம், ஜன்னலை திறந்து வைங்க. பூசினதை வெளிச்சம் படாத இடத்துல காய விடுங்க. காய்ஞ்சதும் மேல ஒரு இலையோ, அட்டையில வெட்டின உருவமோ வச்சு, கண்ணாடி போட்ட போட்டோ ஃபிரேம் இருந்தா அதுக்குள்ள அழுத்தி நேர் வெயில்ல வைங்க. நல்ல வெயில்னா சில மணி நேரத்துலயே வெளிய தெரியற இடம் வெளுக்க ஆரம்பிக்கும், ஏன்னா மஞ்சளுக்கு நிறம் கொடுக்கற குர்குமின் வெளிச்சத்துல சிதைஞ்சிடும். இலைக்கு அடியில மட்டும் மஞ்சள் அப்படியே இருக்கும். இப்ப உள்ள கொண்டு வந்து வாஷிங் சோடா கரைச்ச தண்ணியை பிரஷ்ஷால மெல்லிசா பூசுங்க, இலை இருந்த இடம் பொசுக்குன்னு செங்காவி நிறத்துக்கு மாறும். குர்குமின் காரத்தன்மை உள்ள தண்ணியில சிவக்கும், அதான் காரணம். பசங்க வாயைப் பொளந்துட்டு பாப்பாங்க, பெரியவங்களும் தான். துணியில பட்டா கறை போகாது, பழைய சட்டை போட்டுக்கோங்க, சோடா தண்ணி கையில படாம பாத்துக்கோங்க. இந்தப் படத்தை சுவர்ல மாட்டினா வெளிச்சத்துல போகப் போக வெளுத்துடும், புத்தகத்துக்குள்ள வச்சுக்கலாம் இல்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கலாம்.

வெயிலை வச்சு செடியை படம் எடுக்கறது ஒண்ணும் புதுசு இல்ல. 1842ல ஜான் ஹெர்ஷல்ங்கற விஞ்ஞானி இரும்பு உப்பை வச்சு நீல நிறத்துல பிரிண்ட் வர்ற சயனோடைப் முறையை கண்டுபிடிச்சாரு, அடுத்த வருஷமே, 1843ல, அன்னா அட்கின்ஸ்ங்கற அம்மா கடல் பாசிகளை அதே முறையில அச்செடுத்து புத்தகமா போட ஆரம்பிச்சாங்க. போட்டோ வச்சு வந்த முதல் புத்தகம்னு பொதுவா அதைத்தான் சொல்றாங்க. பசங்க கிட்ட இதை சொல்லிட்டு ஆரம்பிச்சா இன்னும் ஆசையா பண்ணுவாங்க.

சேந்து வரையறது

இப்ப எல்லாரும் உள்ள வந்தாச்சு, பென்சிலை கொடுக்கலாம், ஆனாலும் தனித்தனியா வேணாம். மடிச்சு வரையற விளையாட்டுல ஆரம்பிங்க. நீளமான தாளை மூணா மடிச்சு, முதல் ஆள் தலை வரைஞ்சு கழுத்துக் கோடு மட்டும் மடிப்பைத் தாண்டி துளியூண்டு தெரியற மாதிரி விட்டு மடிச்சு அடுத்தவங்க கிட்ட கொடுக்கணும், அவங்க உடம்பு, அதுக்கடுத்தவங்க கால். கடைசியில விரிச்சா பறவைத் தலை, பேன்ட் போட்ட மரம், மீன் வால்னு என்னவோ வரும். 1925 வாக்குல பாரிஸ்ல சர்ரியலிஸ்ட், அதாவது கனவு மாதிரி விசித்திரமா படைக்கிற, ஓவியர்களும் கவிஞர்களும் உக்காந்து இதையேதான் விளையாடினாங்க. இதுல நல்லா வரையறவங்களுக்கு எந்த அட்வான்டேஜும் இல்ல, சொல்லப்போனா சுமாரா வரையறவங்க வரைஞ்சதுக்குதான் சிரிப்பு அதிகம்.

அடுத்தது பாக்காம வரையறது. எதிர்ல இருக்கறவங்க மூஞ்சியையே பாத்துட்டு, தாளைப் பாக்காம, பேனாவை தூக்காம ஒரே கோட்டுல வரையணும். யாருக்குமே சரியா வராது, அதுதான் வேணும், ஏன்னா யாரும் யாரையும் கம்பேர் பண்ண முடியாது.

ஒரு விஷயம் இங்க கறாரா சொல்லிடுறேன். குழந்தை வரைஞ்சதை வாங்கி "இப்படி போடு கண்ணு"ன்னு நீங்க ஒரு கோடு திருத்தினீங்கன்னா அன்னைக்கு கதை முடிஞ்சுது. "என்னது இது?"ன்னும் கேக்காதீங்க, பதில் தெரியாம முழிக்கும். "இந்த இடத்துல இவ்ளோ அழுத்தி தேய்ச்சிருக்கியே"ன்னு கண்ணுல படறதை சொல்லுங்க, மிச்ச கதையை அதுவே சொல்லும். அதே மாதிரி நீங்க சும்மா நின்னு மேனேஜர் வேலை பாக்கக்கூடாது, உங்க முன்னாடியும் ஒரு தாள் இருக்கணும்.

வீட்டுல வயசானவங்க, விரல்ல பிடி இல்லாதவங்க இருந்தா பிரஷ் கைப்பிடியில துணியோ ஸ்பாஞ்சோ சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு தடியா ஆக்கிடுங்க. வெட்டி ஒட்டறதும் அவங்களுக்கு நல்லா ஒத்து வரும், கத்திரி பிடிக்க முடியலைன்னா கையால கிழிச்சும் ஒட்டலாம், கிழிச்ச விளிம்பு தனி அழகு. ஹென்றி மத்தீஸ்ங்கற பிரெஞ்சு ஓவியர் 1941ல பெரிய ஆபரேஷன் ஆகி நாற்காலியும் கட்டிலுமா இருந்தப்புறம்தான் கலர் பூசின தாளை கத்திரியால வெட்டி ஒட்டற வேலையில முழுசா இறங்கினாரு, தாளுக்கு கலர் பூசிக் கொடுத்தது உதவியாளர்கள்தான். பேரன் கலர் பூச, பாட்டி வெட்டன்னு அதே மாதிரி வேலையைப் பிரிச்சுக்கலாம்.

ஒரே தாள்ல எட்டு பக்க புக்கு

ஏ4 தாளை நீளவாக்குல பாதியா மடிச்சு விரிங்க. அடுத்து குறுக்கால பாதியா மடிங்க, அதையே இன்னொரு தடவை அதே பக்கமா பாதியா மடிச்சு விரிச்சா எட்டு கட்டம் தெரியும். இப்ப நடுவுல இருக்கற குறுக்கு மடிப்புல மட்டும் பாதியா மடிச்சு வச்சுக்கிட்டு, மடிஞ்ச பக்கத்துல இருந்து நடுக்கோடு வழியா ஒரு கட்டம் அளவுக்கு மட்டும் வெட்டுங்க. விரிச்சா தாளோட நடுவுல ஒரு கீறல் இருக்கும். நீளவாக்குல மடிச்சு ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு உள்பக்கமா தள்ளுங்க, கீறல் வாயைத் திறந்து கூட்டல் குறி மாதிரி நிக்கும், அதை ஒரு பக்கமா சுத்தி மடிச்சா குட்டி புத்தகம். பின்னும் வேணாம் பசையும் வேணாம். தெருவுல இருக்கற மரங்கள், தெருவுல திரியற நாய்களோட பட்டப்பேரு, ஒவ்வொரு வீட்டு கதவும், இப்படி ஒரு தலைப்பு கொடுத்தா பக்கம் தானா நிரம்பும். விரிச்சா ஒரே தாள்ங்கறதால ஜெராக்ஸ் போட்டு எல்லா வீட்டுக்கும் ஒண்ணு கொடுக்கலாம்.

தெருவே சேந்து ஒரு பெரிய படம்

இதுக்கு சுவரும் வேணாம் ஏணியும் வேணாம். பெருசா தெளிவா இருக்கற ஒரு படத்தை எடுத்துக்கோங்க, ஒரு மீன், ஒரு மரம், அவ்ளோ போதும், நுணுக்கம் அதிகமான படம் வேலைக்கு ஆகாது. அதுல குறுக்கால 4, நெடுக்கால 6ன்னு 24 கட்டம் போடுங்க. அட்டைப்பெட்டியை 20 செ.மீ. சதுரமா 24 துண்டு வெட்டி, ஒவ்வொண்ணு பின்னாடியும் நம்பரும் மேல் பக்கம் எதுன்னு அம்புக்குறியும் போட்டுடுங்க. அம்புக்குறியை விட்டீங்கன்னா கடைசியில ரெண்டு மணி நேரம் திருப்பித் திருப்பி வச்சு மண்டை காயணும். ஒவ்வொரு கட்டத்துலயும் முக்கிய கோடு விளிம்பை எங்க தொடுதுன்னு மட்டும் நீங்களே பென்சில்ல புள்ளி வச்சு கொடுத்துடுங்க, நடுவுல அவங்க என்ன வேணா பண்ணிக்கட்டும், கலர் பூசட்டும், துணி ஒட்டட்டும், தேய்ச்ச தாளை ஒட்டட்டும். கலரை மட்டும் எல்லாருக்கும் மூணுன்னு கட்டுப்படுத்துங்க. 24 வீடும் 24 கையும் 24 விதமா இருந்தாலும் அந்த மூணு கலர் இழுத்துப் பிடிச்சு ஒரே படமா காட்டும். சேத்து வச்சா 80க்கு 120 செ.மீ. வரும், ரெண்டு பெரிய அட்டை மேல ஒட்டிடலாம். பக்கத்து கட்டத்தோட கோடு கொஞ்சம் விலகி இருந்தா சரி பண்ண போகாதீங்க, தூரத்துல இருந்து பாத்தா அதுதான் படத்துக்கு உயிர்.

தரையில வரையணும்னா சாக்பீஸ், இல்லன்னா சோளமாவும் (கார்ன்ஃப்ளார்) தண்ணியும் சம அளவு கலந்து துளி ஃபுட் கலர் விட்டா பிரஷ்ஷால பூசற பெயிண்ட் ரெடி, தண்ணி ஊத்தினா கழுவிட்டு போயிடும். ஃபுட் கலர் சில தரையில கறையா நிக்கும், ஓரமா ஒரு இடத்துல பூசி காயவிட்டு கழுவிப் பாத்துட்டு ஆரம்பிங்க. வண்டி வராத இடமா பாத்துக்கோங்க, இடம் யாரோடதோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ஒன்றரை, அதுக்கு மேல இழுத்தா சின்னதுங்க சிணுங்கும் பெருசுங்க கடிகாரம் பாக்கும்.

பாதுகாப்பு விஷயத்துல மூணு சொல்லணும். உப்பு மாவு பொம்மை, அதாவது மாவு ரெண்டு பங்கு உப்பு ஒரு பங்கு தண்ணி ஒரு பங்கு போட்டு பிசையறது, செம ஈஸி, ஆனா நாய் தின்னுட்டா அவ்ளோ உப்பு அதுக்கு ஆபத்து, காய வைக்கறப்போ எட்டாத இடத்துல வைங்க. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல கையை முக்கி அச்செடுக்கறதை பண்ணவே பண்ணாதீங்க, அது இறுகறப்போ சூடாகும், தோல் வெந்துடும், கையை வெளிய எடுக்கவும் முடியாது. மூணு வயசுக்கு கீழ குழந்தை இருந்தா மணி, பட்டன், சின்ன மூடி எதுவும் மேசைக்கு வரக்கூடாது.

தொங்கவிடறப்போ கயிறை உங்க உயரத்துக்கு கட்டாதீங்க, குழந்தையோட கண்ணு மட்டத்துக்கு கட்டுங்க, பெரியவங்க குனிஞ்சு பாத்துக்கலாம். பேர் எழுதணுமான்னு ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டு எழுதுங்க, சிலருக்கு பிடிக்காது. கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துட்டு, 24 துண்டையும் கலைச்சு குலுக்கல் போட்டு ஆளுக்கு வேற ஒருத்தரோட துண்டை கொடுத்து அனுப்பிடலாம், யாருக்கும் வேணாம்னு மிஞ்சற அட்டையை திருப்பிப் போட்டு பின்பக்கத்தை அடுத்த தடவைக்கு வச்சுக்கோங்க.